எட்டாவது தட்டு

பெட்டிப் படத்திலேயே தெரியும்:
ஏவுதளத்தின் எட்டாவது தட்டுக்குக் கைப்பிடி இல்லை.
ஏணி ஏறுகிறது, ஏறி முடித்த இடத்தில்
கால் வைக்கப் பலகை இல்லை.
குறுக்குத் தாங்கு இரண்டே இரண்டு, அதுவும்
படம் பிடிக்கிற பக்கம் மட்டும்.

முசாஃபாவில் நான் சாரம் சோதிக்கிறவன்.
பதினோரு வருஷமாக
மற்றவர்கள் ஏறுமுன் ஏறி
குழாயை உலுக்கி, கிளாம்பைச் சுண்டி
பச்சைச் சீட்டோ சிவப்புச் சீட்டோ கட்டுகிறவன்.
அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப்
பொம்மை பார்க்க எனக்கு வராது.

"பொம்மை இல்லண்ணே, செட்டு"
என்று திருத்துவான் மேல்கட்டில் செலஸ்டின்.
நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

மூன்று பேர் அறை. என் கட்டிலுக்கு அடியில்
பெட்டி பெட்டியாக ஆகாயம்.
நிலவு வண்டி: ஆறு சக்கரம்,
ஒன்று எப்போதும் தரையைத் தொடாது.
நீலக் கலம்: ஒட்டுப்படம் பதினேழு,
அச்சடிக்கக் காசில்லாத கம்பெனியா அது?
சுற்றுவட்ட நிலையம்: தூக்கினால் சிறகு உதிரும்,
ஆனால் அந்தக் கதவின் கீல் இருக்கிறதே,
அதை யோசித்தவனுக்கு
ஒரு கரக் டீ வாங்கித் தரவேண்டும் நான்.
பிரேம் தாபா ஆசையாய் ஜன்னலில் நிறுத்திய
வெள்ளை ராக்கெட், ஒரே கோடையில்
வெற்றிலை போடாமலே பல் பழுத்தது.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன்.
பத்துக்கு மதிப்பெண்.
ஏழைத் தாண்டி எவருக்கும் கொடுத்ததில்லை.

விலையை மட்டும் எழுதுவதில்லை.
புவனமாலினி கேட்டால் பாதி சொல்வேன்,
அந்தப் பாதிக்கே அவள்
எத்தனை சதுரடி டைல்ஸ் என்று கணக்குப் போடுவாள்.
ஒருநாள் வீடியோவில் நிலையத்தைச் சுற்றிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"இதுல எங்க சமைப்பாங்க?"
சமையலறை இல்லை.
நான்கு மாதம் வைத்திருந்தும் நான் கவனிக்கவில்லை.
அரை மதிப்பெண் குறைத்தேன்.

போன வாரம் ஒரு எகிப்துக் குடும்பம்
மொத்தமாய் ஊர் திரும்பினார்கள்.
பத்துக்கிலோ அரிசிப் பையில் கட்டி
நூற்றிருபது திர்ஹாமுக்குத் தந்தார்கள்
கடையில் வந்து நின்றுபோய்ப் பல காலமான
அதே ஏவுதளத்தை.
அவர்கள் பையன் லிஃப்ட் வரை கூட வந்தான்.
எதுவும் சொல்லவில்லை. பையின் கனத்தைப்
பார்த்துக்கொண்டே நின்றான்.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கொட்டிப் பிரித்தேன்,
சாம்பல் இங்கே, கறுப்பு அங்கே.
எட்டாவது தட்டு மட்டும்
பிரிக்கப்படாமல் முழுசாய் வந்தது.
சுற்றிலும் பழுப்பு நிற வேலி,
ஏதோ மாட்டுப்பண்ணை செட்டிலிருந்து.
ஏணி முடியும் இடத்தில் ஒரு பச்சைப் பலகை.
கையேட்டில் இல்லாதவை.

சேகரிக்கிறவன் செய்யவேண்டியது
கலப்படத்தைப் பிடுங்கி எறிவது.
நான் சுண்டிப் பார்த்தேன். அசையவில்லை.
இன்னொரு முறை, பலமாக.

ஒரு பக்கம் வேலி நாலு குமிழ் எட்டவில்லை.
அந்த இடைவெளிக்கு
ஒரு விண்வெளி வீரனைக் குறுக்கே
படுக்கவைத்துச் செருகியிருந்தான்.
தலைக்கவசத்துக்குள் அவன்
சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஆளைக் கம்பியாக வைக்கக் கூடாது, தம்பி.
அது சிவப்பு.

நிலவு வண்டியை இழுத்து
அதன் ஆண்டெனாவைப் பிடுங்கினேன்.
சரியாக நாலு குமிழ்.
அவனை எழுப்பி வேலிக்கு உள்ளே நிறுத்தினேன்.
பிரேம் தாபா விளக்கை அணைக்கச் சொன்னான்,
நாலரைக்குப் பஸ்.

செல்போன் வெளிச்சத்தில் எழுதினேன்:
ஏவுதளம், திருத்தங்களுடன், ஏழரை.
பக்கத்தைப் புரட்டி
நிலவு வண்டிக்கு
அரை குறைத்தேன்.